கரிகாலனைக் கொன்றது யார், டீச்சர்?

வணக்கமுங்க ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைச் சுருக்கி எழுதி வகுப்பில் வாசித்துவருகிறேன். கதாநாயகன் வந்தியத்தேவன் என்றால் உயிரை விடுகிறார்கள். ஆனால் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை நெருங்க நெருங்க எனக்குத்தான் உதறலாக இருக்கிறது. கொன்றது யார் என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை. பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். அவனைப் பழிவாங்கத் துடிக்கிற நந்தினிதான் என்று எழுதி முடித்துவிடட்டுமாங்க? இதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

அனுமதி வேண்டியதில்லை. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாகிவிட்டன.

ஆனால் நந்தினியை விட்டுவிடுங்கள். சுருக்குகிறவர்கள் முதலில் கைவைப்பது அவள்மேல்தான். ஒரு கெட்டவள் இருந்தால் கதை சட்டென்று முடிந்துவிடும், அந்த வசதிக்காக. அவள் கெஞ்சியும் கேட்காமல் பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையைக் கரிகாலன் வெட்டியதையும், அதை நினைத்து நினைத்து அவனே வேகிறதையும் ஒரு பக்கமாவது எழுதுங்கள். அதற்கப்புறம் யார் பக்கம் நிற்பது என்று பிள்ளைகள் குழம்பட்டும். பன்னிரண்டு வயதில் அந்தக் குழப்பம் தாராளமாகத் தாங்கும். தாங்காது என்று நினைப்பது நாம்தான்.

கொலை நடக்கும்போது அறை இருட்டாகிறது, பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. அதை அப்படியே வையுங்கள். “யாருங்க டீச்சர் கொன்னது?” என்று கேட்டால் உடையார்குடிக் கல்வெட்டைக் காட்டுங்கள். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லி, அவர்களுடைய உறவினர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்ததைப் பேசுகிறது. நாவலில் சதிகாரனாக வருகிற ரவிதாசன் இந்தக் கல்லிலிருந்து எழுந்து வந்தவன்தான். ஏன் கொன்றார்கள், யாராவது ஏவினார்களா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. கல்கி எழுதியது அந்த இடைவெளியில். இதைச் சொன்னால் வரலாறு எங்கே நிற்கிறது, கதை எங்கே புறப்படுகிறது என்று ஏழாம் வகுப்புக்குப் புரியும். அதே காட்டுமன்னார்கோயிலை ஒட்டித்தான் கதை தொடங்குகிற வீராணம் ஏரியும் இருக்கிறது.

வெட்ட வேறு இடங்கள் நிறைய உண்டு. 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த கதை. போன வாரம் படித்ததை ஞாபகப்படுத்தும் பகுதிகள், கடைசி வரியில் திகிலோடு நிறுத்தும் இடங்கள், சிற்றரசர்களின் நீண்ட ஆலோசனைகள் எல்லாம் தயங்காமல் போகலாம். தீவிர வைணவனான ஆழ்வார்க்கடியானின் சைவ வைணவச் சண்டையில் மட்டும் கைவைக்காதீர்கள். வகுப்பே சிரிக்கும், எழுதிய உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

தொடக்கம் உங்கள் பிள்ளைகளுக்குச் சுலபம். ஆடிப்பதினெட்டன்று ஏரிக்கரையில் ஜனங்கள் கூடிச் சாப்பிட்டுக் கொண்டாடுவதில் கதை ஆரம்பிக்கிறது. ஆடி நோம்பிக்குத் தூரி ஆடி, பவானி கூடுதுறையில் கூட்டத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டாம். அதற்குப் பிறகு வருகிற ஊர்கள்தான் தூரம். கடம்பூர், குடந்தை, பழையாறை, கோடிக்கரை எல்லாம் அவர்களுக்கு வெறும் பெயர்கள். கரும்பலகையில் கூடுதுறையில் தொடங்கி, கொடுமுடி, திருச்சி வழியாகக் காவிரியை ஒரு கோடாக இழுத்துவிடுங்கள். வந்தியத்தேவனின் குதிரை எந்த ஊரில் நிற்கிறதோ, அதை வாராவாரம் ஒரு பிள்ளை வந்து குறிக்கட்டும். கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குப் படகு விடும்போது பலகையில் இடம் போதாது, கீழே கொஞ்சம் விட்டுவைத்து வரையுங்கள்.