கேளுங்க, சொல்றேன்: இறக்கை ஆடுது, தாடை வலிக்குது

(பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பெட்டிக் கூடு கட்டி ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: மகளைப் பார்க்க முதல் தடவையாக சிங்கப்பூர் போகிறேன். புது விமானங்களில் இறக்கை மேலும் கீழும் ஆடும், பயப்படாதீங்க என்கிறார் மருமகன். அதைக் கேட்டதில் இருந்துதான் பயமே வந்தது. ஆடுற இறக்கை உடையாதா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஆடாத இறக்கை என்றால்தான் நான் பயப்படுவேன், அம்மா. நான் கட்டியது ரயில் பெட்டி. ஆனாலும் கூடு கட்டுகிற எவனுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: வருகிற பாரத்தை எங்கே அனுப்புவது? விறைத்து நிற்கும் இறக்கை, காற்றின் அடியை அப்படியே நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத் தள்ளிவிடும். வளைகிற இறக்கை அதில் கொஞ்சத்தைத் தானே வாங்கிக்கொள்ளும்.

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் கூட்டின் எடையில் ஏறக்குறைய பாதி, கார்பன் இழை கலந்த பொருள். இழையைப் பிசினோடு அடுக்கடுக்காகப் படியவைத்து, அழுத்தமும் சூடும் கொடுத்து இறுகச் செய்கிறார்கள். அதனால்தான் அந்த இறக்கை மெல்லிசாகவும் நீளமாகவும் இருந்தும் தாங்குகிறது.

2010 மார்ச்சில், பறப்பதற்காகக் கட்டப்படாத, சோதனைக்கென்றே செய்த ஒரு 787-ஐ கூடத்துக்குள் நிறுத்தி இறக்கையை மேல்நோக்கி வளைத்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சப் பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்தார்கள். நுனி சுமார் 25 அடி மேலே போனது. தாங்கியது. நாங்களும் புது டிசைன் பெட்டி வந்தால் கூட்டை இரண்டு முனையிலும் பிடித்து அழுத்திப் பார்ப்போம், ஸ்குவீஸ் டெஸ்ட் என்று பெயர். பாரம் ஏற ஏற, பக்கத்தில் நிற்பவன் யாரும் பேசமாட்டான்.

சீட் கேட்கும்போது இறக்கைக்குப் பக்கத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கே குறைவு, வால் பக்கம் அதிகம். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட் போட்டிருக்கட்டும்.

கேள்வி: விமான ஜன்னல்ல குட்டி ஓட்டை இருக்கே, யாராவது குத்திட்டாங்களா?
– ஆறாம் வகுப்பு மாணவி, புளியந்தோப்பு

பதில்: கம்பெனிக்காரர்களே போட்டதுதான், பாப்பா. ஜன்னலில் மூன்று அடுக்கு உண்டு. ஓட்டை நடு அடுக்கில். அதனால் அழுத்தம் முழுவதையும் வெளி அடுக்கு தாங்குகிறது, நடு அடுக்கு அவசரத்துக்குக் காத்திருக்கிறது. கண்ணாடியில் பனி படியாமலும் அந்த ஓட்டை பார்த்துக்கொள்ளும். விரலால் அடைக்கப் பார்க்காதே, எட்டாது.

கேள்வி: கணவர் ஹார்பருக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எப்போது வீட்டுக்கு வருவார் என்றே தெரியாது. எனக்கு கம்பெனி வேலை, இரண்டு பிள்ளைகள், மாமியார். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. காலையில் தாடை வலி. ஒன்றுமில்லாததுக்கு எல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். டென்ஷன் என்பது இதுதானா?
– பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை

பதில்: பெரும்பாலும் இதுதான், தாயி. ஆனால் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்து ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். அவையும் இதே போல் எரிச்சலையும் தூக்கக்கேட்டையும் கொண்டுவரும். தாடை வலிக்குப் பல் டாக்டர். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் போல. நெஞ்சு அழுத்தி, வியர்த்து, கை வலித்தால் மட்டும் அதை டென்ஷன் கணக்கில் எழுதாமல் நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தெருநாய் துரத்தினால் உடம்பில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறும், ஓடி முடித்ததும் இறங்கும். உங்களுக்கு லாரி ஹார்பர் கேட்டில் நிற்கிற வரைக்கும் அது முழுசாக இறங்குவதே இல்லை. கூடவே கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது. தசை இறுகியே கிடக்கிறது.

தினம் ஒரு மணி நேரம் தியானம் பண்ணுங்கள் என்று எழுதினால் பத்திரிகையைக் கிழித்துவிடுவீர்கள். கிழிக்கத்தான் வேண்டும். உங்களை அரிப்பது வேலை அல்ல, எப்போது வருவார் என்று தெரியாமல் இருப்பது. கணவரிடம் கேளுங்கள்: கேட்டுக்கு உள்ளே போனதும் ஒரு வாய்ஸ் மெசேஜ், வெளியே வந்ததும் ஒன்று. வேறெதுவும் வேண்டாம். மாமியாரிடம் ஒரு வேலையை முழுசாக ஒப்படையுங்கள், ஒப்படைத்த பிறகு எட்டிப் பார்க்காதீர்கள். இதுதான் கஷ்டம், தெரியும். மதியத்துக்கு மேல் டீ வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்கும்போது மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள். துடிப்பு கொஞ்சம் அடங்கும். மூணு மணிக்கு முழித்தால் போனைத் தொடாதீர்கள். பிள்ளையைக் கத்திவிட்டால் அப்புறமாவது, “உன் மேல கோபம் இல்லடா” என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அது தன் தப்பு என்றே அவன் எடுத்துக்கொள்வான்.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தாலோ, இருந்து என்ன ஆகப்போகிறது என்று ஒருநாள் தோன்றினாலோ, 14416-க்குப் பேசுங்கள். டெலி மனஸ் என்ற அரசாங்க எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கேள்வி: காமெட் விமானம் உலோகச் சோர்வால் விழுந்தது என்று படித்தேன். சின்னச் சின்ன டென்ஷன் சேர்ந்து மனுஷனும் ஒருநாள் அப்படித்தான் உடைவானா?
– இன்ஜினியரிங் மாணவர், வியாசர்பாடி

பதில்: பாதி சரி, தம்பி. 1952-ல் பயணிகளோடு பறக்கத் தொடங்கிய முதல் ஜெட் விமானம் அது. 1954-ல் இரண்டு நடுவானில் சிதறின. காரணம் தேடியவர்கள் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஒரு திறப்பின் மூலையில் இருந்து கிழிந்தது. ஒரு தடவை ஏற்றினால் ஒன்றும் ஆகாத அழுத்தம்தான், திரும்பத் திரும்ப வந்ததால் விரிசல் விட்டது.

ஆனால் விரிசல் விட்ட தகட்டை ஒரு வருஷம் ஷெட்டில் சும்மா நிறுத்தி வைத்தாலும் விரிசல் ஒரு இழை குறையாது. அதனால்தான் விமானத்துக்கு எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று கணக்கு வைக்கிறார்கள். உனக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தூங்கினால் உனக்குக் குறையும், நண்பனிடம் புலம்பினாலும் குறையும். கடிதத்தில் பாதி அரியர் பேப்பர் கணக்கு, நடுவில் ஒரே வரி: ‘ஃபுட்பால் விட்டுட்டேன்’. ஃபுட்பாலுக்குப் பேர் போன வியாசர்பாடியில் இருந்துகொண்டு இதையா விடுவது? அரியரை நவம்பரில் எழுதிக்கலாம், பந்தை நாளைக்குச் சாயந்தரமே எடு.

கேள்வி: போயிங் 777எக்ஸ் இறக்கை மடியுமாமே, வானத்தில் மடிந்தால்?
– வாசகர், எண்ணூர்

பதில்: மடிவது இறக்கை முழுவதும் இல்லை, ஒவ்வொரு பக்கமும் நுனியில் சுமார் மூன்றரை மீட்டர்தான். நுனிக்கு நுனி, விரித்தால் 71.8 மீட்டர், மடித்தால் 64.8. இப்போதுள்ள 777 நிற்கிற அதே இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் தரையில் மடிக்கிறார்கள். புறப்படும் முன் விரித்துப் பூட்டிவிடுவார்கள். பூட்டு விழவில்லை என்றால் பைலட்டுக்கு எச்சரிக்கை வரும், வண்டி கிளம்பாது.