வாசகர் கேள்விகள்: எடையைத் தாண்டி யார் பெரிய குத்துச்சண்டை வீரர்?

54 கிலோ வீரரும் 100 கிலோ வீரரும் ஒருநாளும் மோதப்போவதில்லை. அப்புறம் எப்படி இருவரையும் 'பவுண்ட் ஃபார் பவுண்ட்' (எடை வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் யார் சிறந்தவர்) என்று ஒரே பட்டியலில் வைக்கிறார்கள்? சூத்திரம் ஏதாவது உண்டா?
— வாசகர், திருநெல்வேலி

கிடையாது. பளுதூக்குதலில் உண்டு. தூக்கிய எடையை, வீரரின் உடல் எடைக்கு ஏற்ற ஒரு குணகத்தால் பெருக்குவார்கள். சின்க்ளேர் முறை என்று பெயர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் நயிம் சுலைமானோக்லு 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். அந்த எண்ணை வைத்து எந்த எடை வீரரோடும் அவரை ஒப்பிடலாம். குத்துச்சண்டையில் பெருக்குவதற்கு அப்படி ஓர் எண் இல்லை. எதிரே ஓர் ஆள் நிற்கிறார். அவருடைய தரம்தான் வெற்றிக்கு மதிப்பு தருகிறது.

ஆகவே பட்டியல்கள் பெரும்பாலும் நிபுணர்களின் தீர்ப்பு. 'தி ரிங்' பத்திரிகையில் ஒரு குழு விவாதித்து வரிசை போடுகிறது. அமெரிக்க விளையாட்டுத் தொலைக்காட்சியான இ.எஸ்.பி.என். முறையில் ஒவ்வொரு நிபுணரும் பத்துப் பெயர் எழுதித் தருவார். முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 9 என்று கூட்டுவார்கள். 'பாக்ஸ்ரெக்' இணையதளம் மட்டும் கணினிக் கணக்கு. அதற்கு முடிவுதான் தெரியும், ஆட்டம் தெரியாது. நடுவர்கள் தவறாகக் கொடுத்த வெற்றியும் அதில் வெற்றிதான்.

நானே ஒரு பட்டியல் போட்டுப் பார்க்க ஆசை. எதற்கு எவ்வளவு மதிப்பு தருவது?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

யாரை வென்றார், அவர் எந்த நிலையில் இருந்தபோது வென்றார் என்பதற்கே பாதிக்கு மேல் மதிப்பு கொடுங்கள். 2023 ஜூலையில் டெரன்ஸ் கிராஃபோர்டும் எரல் ஸ்பென்ஸும் மோதியபோது இருவருமே தோல்வி காணாதவர்கள், இருவரிடமும் வெல்டர்வெயிட் (147 பவுண்ட், சுமார் 67 கிலோ) உலகப் பட்ட பெல்ட்டுகள் இருந்தன. கிராஃபோர்ட் மூன்று முறை வீழ்த்தி, 9-வது ரவுண்டில் ஆட்டத்தை முடித்தார். இப்படி ஒரு வெற்றி, முப்பத்தெட்டு வயதைக் கடந்து சரிந்துகொண்டிருக்கும் முன்னாள் சாம்பியன்கள் நால்வரை வெல்வதைவிடப் பெரியது.

அடுத்தது எடை ஏறுவது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். "நான்கு பிரிவுகளில் பட்டம்" என்று எண்ணாதீர்கள், சதவீதம் பாருங்கள். கீழ்ப் பிரிவுகள் 3, 4 பவுண்ட் இடைவெளியில் நெருங்கிக் கிடக்கின்றன. மேலே போகப் போக இடைவெளி பெருகுகிறது. ஜப்பானின் நவோயா இனோவே 108 பவுண்டில் தொடங்கி 115, 118, 122 என்று நான்கு பிரிவுகளில் பட்டம் வென்றார். மொத்த ஏற்றம் 14 பவுண்ட், அதாவது சுமார் 13 சதவீதம். லைட் ஹெவிவெயிட்டின் 175-இலிருந்து குரூஸர்வெயிட்டின் 200-க்குப் போனால் ஒரே படியில் 14 சதவீதம்! இனோவேயின் பெருமை பிரிவுகளின் எண்ணிக்கையில் இல்லை. பேன்டம்வெயிட் (118), சூப்பர் பேன்டம்வெயிட் (122) இரண்டிலும், உலகப் பட்டம் தரும் நான்கு அமைப்புகளின் பெல்ட்டையும் ஒன்றுசேர்த்ததிலும், அதை நாக் அவுட்டுகளால் செய்ததிலும் இருக்கிறது.

உண்மையிலேயே திகைக்க வைப்பவர் பிலிப்பைன்ஸின் மேனி பக்கியாவ். 1998-இல் 112 பவுண்டில் உலகப் பட்டம். 2010-இல் மெக்சிகோவின் அன்டோனியோ மார்கரிட்டோவோடு மோதியது 150 பவுண்ட் வரம்பில். 34 சதவீத ஏற்றம். முதல் பட்டத்தின்போது அவருக்கு 19 வயது, உடல் இயல்பாகவே வளர்ந்திருக்கும் என்பதைக் கழித்தாலும் பெரிய தூரம்தான். ஆனால் அந்தச் சண்டையை 154 பவுண்ட் பட்டத்துக்கென்று நடத்திவிட்டு, எடையை மட்டும் 150-ஆகப் பேசி வைத்தார்கள். இத்தகைய 'கேட்ச்வெயிட்' ஒப்பந்தம் பெரிய ஆளை உடல் வற்ற வைக்கும். பட்டியல் போடும்போது அதற்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதே நியாயம்.

எடை பார்ப்பது வழக்கமாக முந்தின நாள் என்பதையும் மறக்காதீர்கள். 135 பவுண்ட் காட்டிய வீரர், தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு மறுநாள் 145-க்கு மேல் ரிங்குக்குள் வரலாம். இப்படி இறக்கி ஏற்றுபவர் தன் பிரிவில் பெரிய ஆள். தன் இயல்பான எடையிலேயே நின்று அவரை வெல்பவருக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

தோல்வியே காணாத கணக்குக்குக் கடைசி இடம் போதும். எதிராளியைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் அந்தக் கணக்கு கிடைத்துவிடும்.

அந்தக் காலத்து ஹென்றி ஆம்ஸ்ட்ராங்குக்கு மூன்று பட்டங்கள்தான். இன்று ஐந்து, ஆறு பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்களே?
— வாசகர், ஈரோடு

அன்று இருந்தவை எட்டே பிரிவுகள், பிரிவுக்கு ஒரு சாம்பியன் என்ற நிலை. 1937 அக்டோபர் முதல் 1938 ஆகஸ்ட் வரை ஆம்ஸ்ட்ராங் ஃபெதர்வெயிட் (126 பவுண்ட்), வெல்டர்வெயிட் (147), லைட்வெயிட் (135) மூன்றையும் வென்று, ஒரே நேரத்தில் வைத்திருந்தார். வழக்கமான 17 பிரிவுகளையும் நான்கு அமைப்புகளையும் பெருக்கினாலே இன்று 68 பெல்ட். அதில் பலவீனமான சாம்பியன் யார் என்று பார்த்து மோதி, ஒரு பிரிவை எளிதாகச் சேர்த்துக்கொள்ள முடிகிறது. ஆம்ஸ்ட்ராங்கின் மூன்றுதான் கனமானது.

எடை ஏறியதால் கெட்டுப்போனவர்கள் உண்டா?
— வாசகி, தஞ்சாவூர்

ராய் ஜோன்ஸ் ஜூனியர். மிடில்வெயிட் சாம்பியனாக இருந்தவர், 2003 மார்ச்சில் 193 பவுண்டோடு ரிங்கேறி, 226 பவுண்ட் ஜான் ரூயிஸைத் தோற்கடித்து ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார். ஏறியதில் பிரச்சினை இல்லை, இறங்கியதில்தான். ஏற்றிய தசையைக் கரைத்து அதே ஆண்டு நவம்பரில் 175-க்குத் திரும்பி, ஆன்டோனியோ டார்வரை அரும்பாடுபட்டு வென்றார். அடுத்த மே மாதம் அதே டார்வர் இரண்டாவது ரவுண்டிலேயே வீழ்த்தினார். முப்பத்தைந்தை எட்டிய வயதும் ஒரு காரணம்தான். ஆனால் அவருடைய பலமே கால் வேகமும் கண்ணிமைக்கும் நேர எதிர்வினையும். எடையை அப்படி இறக்கியபோது முதலில் போனவை அவையே.

பவுண்ட் ஃபார் பவுண்ட் என்றாலே நினைவுக்கு வரும் ஷுகர் ரே ராபின்சனுக்கும் எல்லை இருந்தது. 1952 ஜூனில், நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமோடு மோதினார். புள்ளிகளில் முன்னிலையில் இருந்தும், கொளுத்திய வெக்கையில் 14-வது ரவுண்டுக்கு எழுந்து வர முடியவில்லை. அன்று நடுவரே வெக்கை தாங்காமல் பாதியில் மாற்றப்பட்டார்.

ஒலிம்பிக்கில் இப்படி ஒரு தேர்வு உண்டா?
— வாசகர், புதுச்சேரி

வால் பார்க்கர் கோப்பை. 1936 முதல், எல்லா எடையிலும் சேர்த்துச் சிறந்த நுட்பம் காட்டிய ஒருவருக்குக் கொடுத்துவந்தார்கள். தங்கம் வாங்கியவருக்கே கொடுக்க வேண்டும் என்பதில்லை. முதல் கோப்பையை வாங்கிய அமெரிக்காவின் லூயிஸ் லாரியும், 1968-இல் வாங்கிய கென்யாவின் பிலிப் வருயிங்கேயும் வெண்கல வீரர்கள். 1988 சியோலில் ராய் ஜோன்ஸ் ஆடிய இறுதிச் சண்டையின் தீர்ப்பு கொரிய வீரர் பக்கம் போய், உலகமே முகம் சுளித்தது. வெள்ளியோடு இறங்கிய ஜோன்ஸுக்குத்தான் அந்த முறை கோப்பை.