அப்பா 2005க்கு முன்னாடி இறந்திருந்தாலும் பூர்வீக சொத்துல பங்கு உண்டு

அக்கா, அப்பா 2001லயே இறந்துட்டதால பூர்வீக நிலத்துல உங்களுக்குப் பங்கு இல்லன்னு தம்பி சொல்றது 2015ல வந்த பூலாவதி தீர்ப்ப வெச்சுதான், அதுல பொண்ணுங்களுக்கும் சம பங்கு தர்ற இந்து வாரிசுரிமை சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மை, ஆனா 2020 ஆகஸ்ட்ல வினீதா சர்மா கேஸ்ல மூணு நீதிபதி பெஞ்ச் அத மாத்திருச்சு, இது பொறப்பால வர்ற உரிமை, அப்பா இருந்தாரா இல்லையாங்கறது விஷயமே இல்ல. பழைய வீடியோ எல்லாம் இன்னும் சுத்திட்டு இருக்கு, தேதி பாத்து நம்புங்க. வக்கீலுங்க அழுத்திச் சொல்றது இன்னொண்ணு: 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பதிவு பண்ணியோ கோர்ட் டிக்ரி மூலமாவோ பாகப்பிரிவினை நடந்திருந்தா அத அசைக்க முடியாது. அதனால மொதல்ல நிலத்து மேல என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்குன்னு காட்டுற வில்லங்கச் சான்று எடுங்க. வாய்வழியா பிரிச்சுட்டோம்னு சொன்னா கோர்ட் லேசுல ஏத்துக்காது. தயவுசெஞ்சு உங்க பங்க விட்டுக்கொடுக்கறதா எழுதுற விடுதலைப் பத்திரத்துல மட்டும் கையெழுத்து போட்டுடாதீங்க.