தன் எழுத்தின் மீதே ஐயம் வரும்போது எப்படித் தொடர்ந்து எழுதுவது?

சில ஆண்டுகளாகக் கதை எழுதிவந்தும் எல்லாம் வீண் என்று தோன்றுகிறது, படித்தவர்கள் சொல்லும் குறைகளும் அதையே உறுதிசெய்கின்றன, இனி எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சிறுகதை எழுதுகிறவன்தான். ஐயம் நீங்கட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது என்று நினைக்கிறேன். இப்படி நினைக்க வைத்தவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்.

1938 மே மாத இறுதியில் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலைத் தொடங்கி அக்டோபர் 26 அன்று முடித்த அவர், அந்த ஐந்து மாதங்களும் கூடவே ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1989இல், அது நூலாக வெளிவந்தது. நாவலைத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய குறுநாவல் ஒன்று பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது; ஆயினும் ஆகஸ்ட் மாதக் குறிப்பொன்றில், தான் எழுத்தாளனே அல்ல, தன்னையும் பிறரையும் ஏமாற்றிவருகிறேன் என்று எழுதுகிறார். அந்தக் கோடையில் அவருடைய பதிப்பகமும் திவாலானது. 1962இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அதற்குத் தாம் தகுதியானவரா என்று செய்தியாளர் கேட்டதற்கு, வெளிப்படையாகச் சொன்னால் இல்லை என்றார். ஆக, வெற்றி வந்தால் ஐயம் போய்விடும் என்பது அவர் விஷயத்தில் உண்மையாகவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. அந்த நாவலைத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, கலிபோர்னியாவின் சலினாஸ் ஊரில் லெட்டூஸ் கீரைத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை வைத்து எழுதிய அங்கத நாவல் ஒன்றைத் தரமில்லை என்று தாமே அழித்துவிட்டார். இதுவும் ஐயம்தான், ஆனால் பயனுள்ள ஐயம். ஏனெனில் ஒரு கைப்பிரதி சரியில்லை என்ற சந்தேகத்தைப் பக்கங்களைத் திரும்பப் படித்துத் தீர்த்துக்கொள்ள முடியும். நான் எழுத்தாளன்தானா என்ற கேள்விக்கோ எந்தப் பக்கத்திலும் விடை கிடைக்காது. ஸ்டைன்பெக் அந்த இரண்டாவது கேள்வியை நாட்குறிப்பில் புலம்பித் தீர்த்துவிட்டு, அன்றைய பங்கை எழுத உட்கார்ந்தார். நேற்றைய வேலைக்கு அடுத்து இன்றைய வேலை, அவ்வளவுதான் என்பது அவர் தமக்குச் சொல்லிக்கொண்ட முறை. (அவர் எழுத எழுத மனைவி கரோல் தட்டச்சு செய்துவந்தார், நாவலின் தலைப்பும் அவர் தந்ததே, இத்தகைய துணை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

விமர்சனத்துக்கு வருகிறேன். நாவல் 1939 ஏப்ரலில் வெளியானது. ஆகஸ்டில் கலிபோர்னியாவின் கெர்ன் கவுன்ட்டி நிர்வாகம் அதைப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் தடைசெய்தது. ஆபாசம் என்றும் பொய் என்றும் குற்றம் சாட்டினார்கள். பண்ணை முதலாளிகளுக்கு உறுத்தியதோ இடம்பெயர்ந்து வந்த கூலித் தொழிலாளர்களின் நிலையை அவர் எழுதியதுதான். அந்த எதிர்ப்பை எந்த வாக்கியத்தைத் திருத்தியும் தணித்திருக்க முடியாது. தடை 1941 வரை நீடித்தது.

உங்களிடம் சொல்லப்பட்ட குறைகள் எவை என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அவற்றைத் தனித்தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாம் பக்கத்தில் கதை தொய்கிறது, தாயின் பேச்சு அவர் வயதுக்கு ஒட்டவில்லை என்பன போன்றவை இருந்தால் கசந்தாலும் அவற்றை வைத்துக்கொண்டு கதையைத் திருத்துங்கள். உங்களுக்கு எழுத்து வராது, இந்த விஷயத்தை நீங்கள் தொடக்கூடாது என்று சொல்பவர்களுக்கு அடுத்த கதையைப் படிக்கத் தரவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.