சுவரில் பூஞ்சணம் பிடித்தால் வீட்டுக் காப்புறுதி பணம் தருமா?

கேள்வி: தலவாக்கலையில் வங்கிக் கடன் எடுத்துக் கட்டிய வீடு. இந்த மழைக்குப் படுக்கையறைச் சுவரும் அலுமாரியும் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டன. வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறது. இதை அகற்றும் செலவைக் கொடுப்பார்களா?

பூஞ்சணம் என்று கேட்டால் அநேகமாகக் கொடுக்கமாட்டார்கள். அந்தப் பூஞ்சணம் எந்தத் தண்ணீரால் வந்தது, அந்தத் தண்ணீர் எப்போது, எப்படி வீட்டுக்குள் வந்தது என்பதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். கொட்டகலையில் எங்கள் வீட்டில் ஒரே அறையின் இரண்டு சுவர்களில் பூஞ்சணம் பிடித்தது. ஒரு சுவருக்குப் பணம் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் சுவர் எந்தப் பக்கம் சேரும் என்று பாருங்கள்.

ஏப்ரல் விடுமுறைக்கு ஐந்து நாள் வவுனியாவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது அந்த வாடை. குளியலறைச் சுவருக்குள் போகும் குழாயின் மூட்டு ஒன்று விட்டுப்போய், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த படுக்கையறைக்குள் தண்ணீர் நின்றது. சுவரோடு சேர்த்து அடித்த பலகை அலுமாரியின் முதுகுப் பக்கம் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படர்ந்திருந்தது. மெத்தை ஊறிப்போயிருந்தது. என் மகளுக்கு வீசிங் இருக்கிறது, அதனால் நாங்கள் உடனே எல்லாவற்றையும் வெளியே இழுத்துப்போட்டுக் கழுவப் போனோம். பக்கத்து வீட்டு அக்காதான் ஓடி வந்து, "கழுவாதீங்க டீச்சர், முதல்ல போட்டோ எடுங்க" என்று நிறுத்தினார். அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது. அறையை நான்கு மூலையிலிருந்தும் படமெடுத்தோம். மேசன் பாஸ் சுவரை உடைத்து எடுத்த குழாய்த் துண்டை ஒரு பையில் போட்டு வைத்தோம். அன்று பின்னேரமே காப்புறுதிக் கம்பனிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, மறுநாள் எழுத்திலும் கொடுத்தோம்.

நான்காம் நாள் மதிப்பீட்டாளர் வந்தார். நான் ஒரு பிழை செய்திருந்தேன். அதே அறையின் பின்சுவரில் வருடக்கணக்காக இருந்த கறுப்புத் திட்டுகளையும் சேர்த்து எழுதியிருந்தேன். அந்தச் சுவர் மண்மேட்டை ஒட்டி நிற்கிறது. மலையை வெட்டி வீடு கட்டுகிற நம் ஊர்களில் பாதி வீடுகள் அப்படித்தானே. அவர் விரலால் பெயின்ட்டைச் சுரண்டினார். கீழே இன்னொரு பெயின்ட், அதற்கும் கீழே பழைய கறை. "இது இந்தக் குழாய்த் தண்ணீர் இல்லையே டீச்சர்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சுவரைச் சேர்த்ததால் கோரிக்கை முழுவதையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இரண்டு கிழமை கழித்து, 'பூஞ்சணத்தால் வரும் சேதம் இந்தக் காப்புறுதிப் பத்திரத்தில் அடங்காது' என்று கடிதம் வந்தது.

அன்றைக்குத்தான் பத்திரத்தை முழுக்க வாசித்தேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்து. இரண்டு இரவு ஆனது. விலக்குகள் என்ற பகுதியில் தேய்மானம், துரு, படிப்படியாக வரும் பழுது, ஈரக்கசிவு, பூஞ்சணம் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. ஆனால் வேறொரு பக்கத்தில், குழாயோ தண்ணீர்த் தாங்கியோ வெடித்து அல்லது நிரம்பி வழிந்து வரும் சேதம் அடங்கும் என்றும் இருந்தது. இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில்தான் உங்கள் கேள்வியும் நிற்கிறது. திடீரென்று, எதிர்பாராமல் நடந்த ஒன்று பத்திரத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்து, அதன் பின்விளைவாகப் பூஞ்சணம் வந்திருந்தால் கேட்பதற்கு இடம் இருக்கிறது. மெல்ல மெல்ல ஊறி வந்ததற்கு இடமில்லை.

நான் திரும்ப எழுதியபோது பின்சுவரை விட்டுவிட்டேன். பூஞ்சணம் என்று தொடங்கவும் இல்லை. இன்ன திகதிக்கும் இன்ன திகதிக்கும் இடையில் குழாய் மூட்டு விட்டது, இன்ன சுவரின் பூச்சும் பொருத்திய அலுமாரியும் ஊறின, ஐந்து நாளில் பூஞ்சணம் பிடித்ததால் பலகையைத் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்று எழுதி, படங்களையும் பாஸின் பில்லையும் வைத்து, குழாய்த் துண்டு கையில் இருக்கிறது என்றும் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். தயவுசெய்து திகதியை மட்டும் மாற்றி எழுதாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான சேதத்துக்கும் பணம் வராது.

கிடைத்த தொகை நான் நினைத்ததைவிடக் குறைவு. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். முதலாவது, வங்கிக் கடனுக்காகப் போடும் காப்புறுதி பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும்தான். சுவரில் அடித்த அலுமாரி கட்டடத்தில் சேர்ந்தது. மெத்தை, உடுப்பு, மகளின் புத்தகங்கள் எதற்கும் ஒரு சதமும் இல்லை, அவற்றுக்குத் தளபாடம், வீட்டுப் பொருள் என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். உடைந்த குழாயைத் திருத்திய கூலியும் நம் கணக்குதான்.

இரண்டாவதுதான் பெரிய அடி. எங்கள் வீட்டைத் திரும்பக் கட்ட 80 இலட்சம் ஆகும். காப்புறுதி போட்டிருந்ததோ 60 இலட்சத்துக்கு, ஏனென்றால் கடன் அவ்வளவு. அதாவது முக்கால் பங்கு. அதனால் ஒவ்வொரு சேதத்திலும் முக்கால் பங்குதான் தருவார்கள். இதை அவர்கள் எவரேஜ் என்பார்கள். சேதம் 1 இலட்சத்து 60 ஆயிரம் என்று மதிப்பிட்டார்கள். அதில் முக்கால் 1 இலட்சத்து 20 ஆயிரம். நாமே ஏற்கவேண்டிய முதல் 10 ஆயிரத்தையும் கழித்து, 1 இலட்சத்து 10 ஆயிரம் வந்தது. சாமான் விலை ஏறின அளவுக்கு உங்கள் பத்திரத்தில் உள்ள தொகை ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கடன் தொகையைப் பார்க்காதீர்கள், திரும்பக் கட்டும் செலவைப் பாருங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். நீங்கள் 'இந்த மழைக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை நம் பக்கம்தான் கொட்டும், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. ஜன்னலைச் சாத்தி வைத்து, உள்ளேயே சமைத்து, துணியையும் அறையிலேயே காயப்போட்டால் குளிர்ந்த சுவரில் வியர்வை மாதிரி ஈரம் படியும். அந்த ஈரத்தில் வந்த பூஞ்சணம் என்றால் எந்தக் கம்பனியும் தராது. கூரை ஆணி துருப்பிடித்து வருடக்கணக்கில் சொட்டினாலும் அப்படித்தான், அதைப் பராமரிப்புக் குறை என்பார்கள். ஆனால் ஒரு நாள் காற்றில் தகரம் கிளம்பி மழை உள்ளே அடித்திருந்தால், பத்திரத்தில் புயல் காற்று சேர்ந்திருந்தால், கேளுங்கள். மண்சரிவை மட்டும் தனியாகக் கவனியுங்கள். வெள்ளம் சேர்ந்த பத்திரத்தில் மண்சரிவும் தானாகச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டை நீண்ட நாள் பூட்டி வைத்திருந்தால் குழாய் வெடிப்புக்குத் தராத நிபந்தனையும் பல பத்திரங்களில் உண்டு. கொழும்பில் வேலை செய்துகொண்டு ஊரில் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் இதை அவசியம் பார்க்கவேண்டும்.

இணையத்தில் தேடினால் கிடைப்பது அதிகமும் அமெரிக்கப் பதில்கள்தான். திடீர்ச் சேதத்துக்கு உண்டு, நாள்பட்ட கசிவுக்கு இல்லை என்கிற அடிப்படை அங்கும் ஒன்றே. ஆனால் அங்கே வழக்கமான வீட்டுக் காப்புறுதியில் வெள்ளம் சேராது, தனிப் பத்திரம் எடுக்கவேண்டும். இங்கே வெள்ளத்தையும் புயலையும் தீக் காப்புறுதியோடு மேலதிகமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே பல பத்திரங்களில் பூஞ்சணத்துக்கென்று ஓர் உச்சத் தொகையும் இருக்கிறது. 2001இல் டெக்சாஸில் குழாய்க் கசிவால் வீடு முழுக்கப் பூஞ்சணம் பிடித்த ஒரு குடும்பத்துக்கு, கோரிக்கையைக் கம்பனி சரியாகக் கவனிக்கவில்லை என்று, ஜூரிமார் 3 கோடி 20 இலட்சம் டொலர் அளவில் தீர்ப்புக் கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் அது 40 இலட்சம் டொலர் அளவுக்குக் குறைந்தது. அந்தக் காலத்துக்குப் பிறகுதான் அங்குள்ள கம்பனிகள் பூஞ்சணத்தைப் பரவலாக விலக்கவும் எல்லை போடவும் தொடங்கின. ஆகவே அந்தப் பதில்களில் வரும் டொலர் எல்லைகளை நம் பத்திரத்தில் தேடவேண்டாம்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களும் இதை வாசிப்பீர்கள். என் அம்மா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் அந்தச் சுவருக்கும் கூரைக்கும் நம் பெயரில் காப்புறுதி போட வழியில்லை, உள்ளே உள்ள பொருளுக்கு மட்டும்தான் கேட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிள்ளைகளோடு அந்த ஈரத்தில் படுக்கிற குடும்பங்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. கூரை ஒழுகினால் வாயால் சொல்லி விட்டுவிடாமல், திகதி போட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டாளர் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். அது பிழை. சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது பத்திரத்தின்படியும் நம் பொறுப்பு. நனைந்த பொருளில் ஒன்று இரண்டு நாளிலேயே பூஞ்சணம் முளைக்கத் தொடங்கிவிடும், நம் மூட்டத்தில் துணி காயவே மூன்று நாள் ஆகிறதே. ஆகவே படமெடுத்துவிட்டுத் தண்ணீர் வருவதை நிறுத்துங்கள், துடையுங்கள், காற்றாடியைப் போடுங்கள். கழற்றிய பலகையில் ஒரு துண்டை வைத்துக்கொள்ளுங்கள், செலவுக்குப் பில் எடுங்கள். சுமார் மூன்றடிக்கு மூன்றடி என்றால் முகக்கவசமும் கையுறையும் போட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் நீங்களே கழுவலாம். பிளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். சீலிங் அஸ்பெஸ்டஸ் என்றால் காய்ந்தபடி சுரண்டவே கூடாது. வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் கழுவும்போது வேறு வீட்டில் விடுங்கள்.

மறுத்தால் முதலில் அந்தக் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் முறைப்பாடுகளை எடுக்கிறது.

எங்கள் பின்சுவருக்கு யாரும் பணம் தரவில்லை. மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி அகலத்துக்கு வெட்டி, சல்லி போட்டுக் கான் எடுத்தோம், கூரைப் பீலியின் தண்ணீரையும் அதில் விட்டோம். பூச்சைக் கொத்தி எடுத்து, இரண்டு மாதம் காயவிட்டுத்தான் திரும்பப் பூசினோம். போன ஜூன் மழைக்கு அந்தச் சுவர் ஊறவில்லை, மகள் மறுபடியும் அந்த அறையில்தான் படுக்கிறாள். உங்கள் பூஞ்சணம் குளியலறைப் பக்கமா, மண்மேட்டுப் பக்கமா, கூரையிலிருந்து இறங்குகிறதா என்று கீழே எழுதுங்கள். பத்திரத்தில் விலக்குகள் உள்ள பக்கத்தையும் வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.