துனிசியாவில் அதிபர் நாற்காலி காலியானால்: கேள்வி பதில்

கேள்வி: 2011 ஜனவரி 14 அன்று, மக்கள் போராட்டத்துக்கு நடுவே துனிசிய அதிபர் பென் அலி சவூதிக்குத் தப்பினார். அன்று மாலை பிரதமர் முகமது கன்னூசி பொறுப்பேற்றதாக அறிவித்தார். மறுநாளே வேறொருவர் அதிபர் ஆனார். ஏன் இந்தக் குழப்பம்?

1959 அரசியலமைப்பில் இதற்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. பிரிவு 56, அதிபர் தற்காலிகமாக இயங்க முடியாத நிலைக்கு. அதில் பிரதமர் பொறுப்பை மட்டும் கவனிப்பார், பதவி பழைய அதிபருடையதே. பிரிவு 57, பதவி நிரந்தரமாகக் காலியானால். கன்னூசி எடுத்தது 56. அப்படியென்றால் பென் அலி சட்டப்படி இன்னும் அதிபர், திரும்பி வரலாம்! தெருவில் நின்ற போராட்டக்காரர்களுக்கு இது உடனே புரிந்தது. ஜனவரி 15 அன்று அரசியலமைப்பு மன்றம் 57-ஐ அறிவிக்க, சபாநாயகர் ஃபுவாது மெபாசா இடைக்கால அதிபரானார்.

கேள்வி: 1987இல் அப்போதைய அதிபர் பூர்கிபாவை இறக்கியதும் இதே 57 தானா?

ஆம். நவம்பர் 7 அன்று ஏழு மருத்துவர்கள் கையெழுத்திட்ட சான்றிதழை வைத்து, 'உடல்நிலை காரணமாக இயலாதவர்' என்று பிரதமர் பென் அலி அறிவித்தார். அப்போது 57-இன்படி அடுத்தவர் பிரதமர், அதாவது அவரே. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி அந்த வாய்ப்பைச் சபாநாயகருக்கு மாற்றிவிட்டார். தான் ஏறிய ஏணி இன்னொருவருக்கு உதவக் கூடாது என்பதுதான் கணக்கு. 2011இல் மெபாசா வந்தது அந்தத் திருத்தத்தால்.

கேள்வி: 2011 முதல் 2021 வரை 9 பிரதமர்கள். கட்சிகளின் சண்டை மட்டும்தானா காரணம்?

தேர்தல் முறைக்கும் பெரும் பங்கு உண்டு. தொகுதியில் பதிவான செல்லுபடியான வாக்குகளை இடங்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 80,000 வாக்கு, 8 இடம் என்றால் ஓர் இடத்தின் விலை 10,000. முழு விலை கொடுத்தவர்களுக்கு முதலில் இடம். மிச்சமுள்ள இடங்கள், மீதி வாக்கு அதிகம் உள்ள வேட்பாளர் பட்டியல்களுக்கு வரிசையாகப் போகும். அதனால் 4,000 வாக்கு வாங்கிய சிறு பட்டியலும் ஓர் இடத்தைப் பிடிக்கலாம். 2011இல் புதிய அரசியலமைப்பை எழுதும் அவைக்கான தேர்தலில், 217 இடங்களில் முதலிடம் பெற்ற இஸ்லாமியக் கட்சி அன்னஹ்தாவுக்குக் கிடைத்தது 89. தனிப்பெரும்பான்மையை யாருக்கும் எளிதில் தராத முறை இது. அரசியலமைப்பு எழுத அது நல்லது. ஆனால் ஆட்சி நடத்த, ஒவ்வொரு அமைச்சரவையும் கூட்டணிப் பேரத்தில் தொங்கியது.

கேள்வி: 2014 அரசியலமைப்பை எல்லோரும் புகழ்ந்தார்கள். எங்கே ஓட்டை?

என் பார்வையில் ஒரே இடம்: சட்டங்கள் அரசியலமைப்புக்கு ஒத்தவையா என்று தீர்மானிக்க வேண்டிய அரசியலமைப்பு நீதிமன்றம். அதில் 12 நீதிபதிகள்; நாடாளுமன்றம், உயர் நீதித்துறைக் குழு, அதிபர் என்று மூவரும் தலா நான்கு பேரை நியமிக்க வேண்டும். நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பவருக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அதாவது 145 வாக்கு தேவை. மேலே சொன்ன தேர்தல் முறையில் 145 சேர்வது எவ்வளவு கடினம் என்று நீங்களே பாருங்கள். ஓராண்டுக்குள் அமைய வேண்டிய நீதிமன்றத்துக்கு நாடாளுமன்றம் 2018இல் ஒரே ஒருவரைத்தான் தேர்ந்தெடுத்தது. பிறகு தேவையான வாக்குகளை 131ஆகக் குறைத்த திருத்தத்தை 2021 ஏப்ரலில் அதிபர் கைஸ் சயீத் திருப்பி அனுப்பினார். கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்றார்.

கேள்வி: 2019இல் அதிபர் எசெப்சி இறந்தபோது நீதிமன்றம் இல்லாமலே மாற்றம் நடந்ததே?

மரணத்தை யாரும் மறுக்க முடியாது என்பதால் நடந்தது. ஜூலை 25 அன்றே சபாநாயகர் முகமது என்னாசர் பதவியேற்றார். 90 நாள் வரம்புக்காகத் தேர்தல் நவம்பரிலிருந்து செப்டம்பர் 15-க்கு முன்னேறியது. ஆனால் ஒரு மாதம் முன்பு, எசெப்சி மருத்துவமனையில் இருந்தபோது நாடு திகைத்து நின்றது. 'இயலாமை' என்று தீர்மானிக்க வேண்டிய நீதிமன்றமே இல்லை!

கேள்வி: அப்படியானால் 2021 ஜூலை 25 அன்று அதிபர் சயீத் பிரதமரை நீக்கி நாடாளுமன்றத்தை முடக்கியது?

அந்த நீதிமன்றம் இல்லாததன் நேரடி விளைவு. சயீத் பிடித்தது 2014 அரசியலமைப்பின் பிரிவு 80, உடனடி ஆபத்து வந்தால் அதிபர் சிறப்பு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம். அதே பிரிவில் இரண்டு பூட்டுகள் இருந்தன. நாடாளுமன்றம் தொடர்ந்து கூட்டத்தில் இருக்க வேண்டும். 30 நாளுக்குப் பிறகு சபாநாயகரோ 30 உறுப்பினர்களோ அரசியலமைப்பு நீதிமன்றம் போகலாம். முதல் பூட்டை ராணுவ வாகனம் உடைத்தது: சபாநாயகர் ராஷித் கன்னூசி வாசலிலேயே தடுக்கப்பட்டார் (முகமது கன்னூசி வேறு, இவர் வேறு). இரண்டாவது பூட்டுக்குச் சாவியே இல்லை. நீதிமன்றம் அமையும்வரை மசோதாக்களை ஆராய இருந்த தற்காலிக அமைப்புக்கு 80-ஐ விசாரிக்கும் அதிகாரம் கிடையாது. செப்டம்பர் 22 அன்று சயீத் பிறப்பித்த ஆணை 117 அந்த அமைப்பையும் கலைத்தது.

கேள்வி: இன்று அதிபர் பதவி காலியானால்?

2022 அரசியலமைப்பின் பிரிவு 109-இன்படி, இடைக்கால அதிபர் ஆக வேண்டியவர் சபாநாயகர் அல்ல, அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தலைவர். ஒன்பது உறுப்பினர்களும் பணிமூப்பு அடிப்படையில் வரும் நீதிபதிகள், நாடாளுமன்ற வாக்கே தேவையில்லை. அப்படியிருந்தும் 2024 அக்டோபர் தேர்தல் நடந்தபோது அந்த நீதிமன்றம் அமைக்கப்பட்டிருக்கவில்லை. அந்தத் தேர்தலில் மூன்று வேட்பாளர்களைச் சேர்க்கச் சொன்ன நிர்வாக நீதிமன்றத்தின் (அரசு அமைப்புகளின் முடிவுகள் மீதான வழக்குகளை விசாரிப்பது) தீர்ப்பைத் தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் இருக்கையில், தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தையே நாடாளுமன்றம் அந்த நீதிமன்றத்திடமிருந்து பறித்தது.