மலைச் சைக்கிள் ரேஸ்: பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலைச் சைக்கிள் ரேஸ் பற்றித்தான். எழுதியவர்கள் பதின்வயதுப் பிள்ளைகள், இல்லையென்றால் அவர்களைப் பெற்றவர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: என்னிடம் 45,000 ரூபாய் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள) சைக்கிள் இருக்கிறது. ஜூனியர் பிரிவில் ரேஸ் ஓட்ட ஆசை. கூட ஓட்டும் அண்ணன்கள், கார்பன் ஃப்ரேம் இல்லாமல் போனால் அசிங்கப்படுவாய் என்கிறார்கள். அப்பாவிடம் 2 லட்சம் கேட்கலாமா? — பிளஸ் ஒன் மாணவர், கோத்தகிரி

கேட்காதே தம்பி. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருக்கிறதா, முன் ஃபோர்க் ஒழுங்காக அமுங்கி எழுகிறதா, கியர் நழுவாமல் விழுகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் முதல் வருஷத்துக்கு அது தாராளம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் டயரை மாற்று. 2.25 அங்குல அகலத்தில் நல்ல பிடிப்புள்ளது, முடிந்தால் ட்யூப்லெஸ். உன் எடை 50 கிலோ பக்கம் என்றால் ட்யூப்லெஸ்ஸில் 20 பிஎஸ்ஐ காற்று போதும். பஞ்சர் கடையில் கொடுத்தால் 40, 50 என்று அடித்துத் தள்ளிவிடுவார்கள், அப்புறம் ஒவ்வொரு வேரிலும் சக்கரம் எகிறும், நீ உன் பயத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய். ட்யூப் போட்ட டயர் என்றால் 25-க்குக் கீழே போகாதே. கல்லில் இடிக்கும்போது ட்யூப் ரிம்முக்கு நடுவில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

ஆனால் நீ நேரத்தைத் தொலைக்கப்போவது சைக்கிளால் இல்லை. உன் வயசுப் பையன்களை டிராக் ஓரமாக நின்று பார்த்தால் தெரியும், ஏற்றத்தில் நாக்குத் தள்ள மிதித்து அஞ்சு நொடி சம்பாதிப்பார்கள், இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்து அதைப்போல மூன்று மடங்கு விட்டுவிடுவார்கள். எனவே ஒரே ஒரு வளைவைத் தேர்ந்தெடு, அதையே திரும்பத் திரும்ப ஓட்டு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு, உள்ளே நுழைந்ததும் பிரேக்கை விடு. லீவருக்கு ஆள்காட்டி விரல் ஒன்று போதும், மற்ற விரல்கள் ஹேண்டில்பாரை விட்டு எழவே கூடாது. இடுப்பு சீட்டை விட்டு மேலே, பார்வை வளைவு முடிகிற இடத்தில். கல்லையே பார்த்துக்கொண்டு போனால் சக்கரமும் நேராக அந்தக் கல்லுக்குத்தான் போகும், இதை யாரும் சொல்லி நம்புவதில்லை, ஒருதரம் விழுந்த பிறகுதான் நம்புகிறார்கள்.

இன்னொரு விஷயம், எங்கே ஓட்டுவது என்பது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது சட்டப்படி குற்றம். தேயிலைத் தோட்டப் பாதை என்றால் எஸ்டேட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடு. விடியுமுன் கிளம்பாதே, உங்கள் ஊர்க் காட்டெருமைக்கு நீ ஜூனியர் என்றெல்லாம் தெரியாது.

வயசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ விதிப்படி ஜூனியர் என்றால் 17, 18. அதைப் பிறந்த வருஷத்தை வைத்துப் பார்ப்பார்கள், பிறந்த தேதியை வைத்து அல்ல. 2009-இல் பிறந்தவர், பிறந்தநாள் டிசம்பரில் வந்தாலும், 2026 முழுக்க 17 வயதுக்காரர்தான்.

கேள்வி: மகளுக்கு 15 வயது. எடை குறைந்தால் ஏற்றம் சுலபம் என்று யாரோ சொல்ல, இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். நாலு மாதமாக மாதவிடாயும் வரவில்லை. "ரேஸ் முடியட்டும்மா" என்கிறாள். காத்திருக்கலாமா? — ஒரு தாய், கோவை

காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் நின்றிருந்தால், மிதிப்பதற்கும் வளர்வதற்கும் சேர்த்துத் தேவையான சாப்பாடு உடம்புக்குப் போகவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். இப்படியே போனால் எலும்பு பலவீனமாகும், மயிரிழை மாதிரி விரிசல்கூட விழலாம். எலும்பு திடமாவது இந்த வயதில்தான், இப்போது விட்டால் பின்னால் பிடிப்பது கஷ்டம். இரும்புச் சத்தையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அவளிடம் "சாப்பிடு சாப்பிடு" என்று நச்சரித்துப் பலன் இருக்காது. ரேஸ் பாஷையிலேயே சொல்லுங்கள்: சாப்பிடாத கால் இரண்டாவது சுற்றிலேயே நின்றுவிடும், ஒரு கிலோ குறைந்ததில் கிடைத்த நொடிகளெல்லாம் அங்கேயே போய்விடும். ரேஸ் அன்று மூன்று மணி நேரம் முன்னால் நாலு இட்லி, எண்ணெய் அதிகமில்லாத சட்னி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி போனால் மணிக்கொரு தரம் ஒரு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும் உள்ளே போகட்டும். வந்த அரை மணிக்குள் சாப்பாடு. எடை பற்றி அறிவுரை சொன்ன அந்த நபர் பயிற்சியாளராக இருந்தால், பயிற்சியாளரை மாற்றுவது பற்றியும் யோசியுங்கள்.

கேள்வி: முதல் ரேஸில் விசில் ஊதியதும் முழு மூச்சாக மிதித்தேன். மூன்றாவது சுற்றில் ஒருவர் கையைக் காட்டி வெளியே வரச் சொல்லிவிட்டார். ரிசல்ட்டில் என் பெயருக்கு நேரே மைனஸ் 2 லேப் என்று இருக்கிறது. நான் தகுதி நீக்கம் ஆகிவிட்டேனா? — பத்தாம் வகுப்பு மாணவர், ஊட்டி

இல்லை, உனக்கு இடம் உண்டு. முன்னால் போகிறவர் ஒரு முழுச் சுற்று முந்தி வந்து உன்னைப் பிடித்துவிடும் நிலை வந்தால் பின்னால் இருப்பவர்களை நிறுத்திவிடுவார்கள். ஒரு ஆள் அகலப் பாதையில் வேகமாக இறங்கி வருகிறவனுக்கு வழி அடைத்துவிடக்கூடாது, அவ்வளவுதான் காரணம். ரிசல்ட்டில் எத்தனை சுற்று பாக்கியோ அதைப் போடுவார்கள்.

முழு மூச்சாகக் கிளம்பியது முழுத் தப்பும் இல்லை. பெயர் கூப்பிடும் வரிசையில் கடைசியில் நின்றால், பாதை குறுகும் இடத்துக்கு வருவதற்குள் முந்தியாக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு க்யூவில் நிற்பாய். ஆனால் அது ஒரு நிமிஷ வேலை. பாதை குறுகியதும் மூச்சை மீட்டுக்கொள், முன்னால் போகிறவன் பின்சக்கரத்தையே பார்க்காமல் அவனுக்கு அப்பால் பார். முதல் நாளே டிராக்கை ஒருமுறை நடந்து பார்ப்பதும் நல்லது. பெரிய கல் சரிவுக்குப் பக்கத்தில் சுற்றுவழி ஒன்று வைத்திருப்பார்கள், கொஞ்சம் நீளம், அவ்வளவே. பயமாக இருந்தால் அதில் போ, யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் நொடிக் கணக்கு உன் பக்கம்தான் இருக்கும்.

பின்தங்கினால் கதை முடிந்தது என்றும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டாம் பிட்காக்குக்கு நடுவில் டயர் பஞ்சர், சக்கரம் மாற்றிவிட்டு வருவதற்குள் நல்ல இடைவெளி விழுந்துவிட்டது. கடைசிச் சுற்றில் முந்தித் தங்கம் வாங்கினார். நீ பிட்காக் இல்லை, சரி, ஆனால் பதறாமல் மிதிப்பதைக் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளி மலைச் சைக்கிள் அணியில் சேரவேண்டும் என்கிறாள். கல்லூரி அட்மிஷனுக்கு உதவுமா? பாதுகாப்பானதா? — ஒரு அப்பா, ஃப்ரீமான்ட்

சார், இந்த விளையாட்டு வளர்ந்ததே உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். 1970-களில் மரின் கவுண்டியில் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண்பாதையில் ரேஸ் விட்ட இளைஞர்கள்தான் இதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். பள்ளி லீக்கும் 2001-இல் வட கலிஃபோர்னியாவில்தான் ஆரம்பமானது. இந்தப் பள்ளி லீக்குகளுக்கான நாடு தழுவிய நைக்கா அமைப்பு 2009-இல் வந்தது. அங்கே எனக்குப் பிடித்தது, பெஞ்சில் உட்காரவைக்கிற பழக்கமே கிடையாது. வந்த பிள்ளை எல்லாம் ஓட்டும், கடைசியில் வருகிறவளுக்கும் கைதட்டு விழும். 2018-இல் உலக சாம்பியன் ஆன கேட் கோர்ட்னி அந்த வட கலிஃபோர்னியா லீக்கில் ஓட்டியவர்தான்.

அட்மிஷன் கணக்கை மறந்துவிடுங்கள். மலைச் சைக்கிள் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) விளையாட்டு இல்லை, கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் மாதிரி சில கல்லூரிகளில் மட்டும் நல்ல அணிகள் உண்டு. பாதுகாப்பு என்றால், சிராய்ப்பு நிச்சயம், மணிக்கட்டும் காறை எலும்பும் உடைவது உண்டு. அணியில் தன்னார்வப் பயிற்சியாளராகப் பெற்றோரும் சேரலாம், போய்ச் சேருங்கள். ஆனால் ஓட்டும்போது பாதை ஓரமாக நின்று "பிரேக் பிடி, பிரேக் பிடி" என்று கத்தாதீர்கள், அதைக் கேட்டுத்தான் பாதிப் பிள்ளைகள் வளைவுக்குள்ளே பிரேக் பிடிக்கிறார்கள்.

கேள்வி: இது ஒலிம்பிக்கில் உண்டா? இந்தியர் யாராவது போயிருக்கிறார்களா? — மதுரை வாசகர்

1996 அட்லாண்டாவிலிருந்து உண்டு. மலைச் சைக்கிளில் இந்தியர் இன்னும் போகவில்லை. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நம் பக்கத்தில், திருவனந்தபுரம் அருகே பொன்முடியில் நடந்தது, பாரிஸுக்கான தகுதிச் சுற்றாகவும் அது இருந்தது.

கேள்வி: விழுந்ததில் ஹெல்மெட்டில் சின்ன விரிசல். தலை கொஞ்ச நேரம் கிறுகிறுத்தது, இப்போது சரியாகிவிட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டி ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாமா? — கொடைக்கானல் மாணவி

கூடாது. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், பசை அதை மீட்டுத் தராது. கிறுகிறுப்பு வந்திருக்கிறது என்றால் தலைக்குள்ளும் அதிர்ச்சி விழுந்திருக்கலாம், டாக்டர் சரி என்று சொல்லும்வரை ரேஸ் பேச்சே வேண்டாம். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், இதில் எது வந்தாலும் நேராக அவசரச் சிகிச்சைக்குப் போ. ஹெல்மெட்டின் வாரை வெட்டிவிட்டுக் குப்பையில் போடு, இல்லாவிட்டால் வீட்டில் தம்பி எடுத்து மாட்டிக்கொள்வான்.